நூல்நிலையங்களும் சமூக வலைத்தளங்களும்

(ஒரு நூல்நிலைய வாசகர் வட்டக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், நூல்நிலையங்கள் தங்கள் காரியத்திற்குச் சமூக வலைத்தளங்களை உபயோகப்படுத்திக் கொள்ளலாமா, கொள்ளுவதானால் ஒரு தளத்தை எப்படிப் பரீட்சித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளுவது என்பதாகும். வட்டத்தின் காரியதரிசி அவர்கள் நமக்கு எழுதிய கடிதத்தில், "எல்லா ஊர் நூல்நிலையமும் போய்விட்டது, நாம்தான் பாக்கி" என்று எழுதியிருந்தார். எல்லோரும் போகிறார்கள் என்பது நாமும் போவதற்கு ஒரு காரணமாகாது. கும்பகோணத்துக் குளத்திற்குப் பன்னிரண்டு வருஷத்திற்கொருதரம் லக்ஷக்கணக்கான பேர் போகிறார்கள். அதனால் அந்தத் தண்ணீர் சுத்தமாகிவிடுவதில்லை.

அதுபோலவே, புதிது என்கின்ற ஒரே காரணத்திற்காக ஒன்றைக் கூடாதென்று சொல்லும் கூட்டத்தாரோடும் நமக்குச் சம்பந்தமில்லை. ரயிலில் ஏறினால் ஆசாரம் கெட்டுவிடும் என்றவர்களின் பிள்ளைகளே பிறகு ரயில் டிக்கெட்டுக்கு முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆகவே, 'எல்லோரும் போகிறார்கள்' என்பதையும் 'எங்கள் காலத்தில் இல்லை' என்பதையும் ஒருபுறமாய் வைத்துவிட்டு, விஷயத்தை விஷயமாகவே பார்ப்போம். நாலு காசுக்கு மண்சட்டி வாங்குகிறவள்கூடச் சுண்டிப் பார்த்து, ஓசை கேட்டுத்தான் வாங்குகிறாள். ஒரு ஊர் நூல்நிலையத்தின் பேரைக் கொண்டுபோய் ஒரு கம்பெனியின் சுவரில் எழுதுவதற்கு முன் அந்தச் சுண்டிப் பார்த்தலாவது வேண்டாமா?

முதலில் நூல்நிலையம் என்பது என்ன? அது ஜனங்களின் பணத்தில் நடப்பது. 1948-ம் வருஷத்திய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி நம் நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவனும் வாடகையின் வழியாய் அதைக் கொடுத்தே தீருகிறான். ஆகையால் அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கக் கடமைப்பட்டது. உள்ளே வருகிறவனை, 'நீ என்ன ஜாதி, என்ன மதம், எதற்காக இந்தப் புத்தகத்தைத் தொடுகிறாய்?' என்று கேட்க யாருக்கும் அதிகாரமில்லை. பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் வரையில் அவன் எந்தப் பக்கத்தைப் படித்தான், எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் கண்ணை நிறுத்தினான், எதைப் பாதியில் மூடினான் என்று எவரும் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பதில்லை.

சமூக வலைத்தளம் என்பது என்ன? பெரும்பாலும் அது ஒரு முதலாளியின் கடை. உள்ளே போகக் காசில்லை என்கிறார்கள். காசில்லாமல் ஒரு முதலாளி கடை நடத்துவானா? விளம்பரக்காரனிடத்தில் வாங்குகிறான். விளம்பரக்காரன் எதற்காகக் கொடுக்கிறான்? உள்ளே இருக்கிறவன் எதைப் பார்த்தான், எதில் நின்றான், எதைக் கண்டு கோபித்தான் என்கின்ற குறிப்பைக் கொண்டு, ஆள் பார்த்து விளம்பரம் காட்டுவதற்காகக் கொடுக்கிறான். நூல்நிலையத்தில் எவரும் எடுக்காத குறிப்பு எதுவோ, அதுவேதான் அந்தக் கடையின் சரக்கு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் 'இது ஒரு நோட்டீஸ் பலகை மாதிரி' என்று பேசுகிறவர்கள் விஷயத்தை அறியாதவர்கள், அல்லது அறிந்து மறைக்கிறவர்கள்.

இதனால் கடைப்பக்கமே தலைவைக்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சந்தைக் கூட்டத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்று பேசிப் பழகியவர்கள் நாம். ஜனங்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போய்ச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், சந்தைக்குப் பேசப் போகிறவன் தன் வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே கட்டிக்கொள்ளுவதில்லை.

பரீட்சை செய்வதற்கு அளவுகோல் வேண்டுமானால் வெளியே போய்த் தேடவேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்திற்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் உபயோகத்திற்கென்றே இருப்பது, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான புத்தகம் கிடைக்கவேண்டும், ஒவ்வொரு புத்தகத்திற்கும் அதற்கான வாசகன் கிடைக்கவேண்டும், வாசகனுடைய நேரத்தை மிச்சப்படுத்தவேண்டும், நூலகம் வளர்ந்துகொண்டே போகும் ஒன்று என்பவையே அவை. உலகத்தில் நூலக வேலை படிக்கிறவர்கள் இன்றும் இவற்றைப் படித்துத்தான் தீரவேண்டியிருக்கிறது. ஒரு வலைத்தளம் வாசகனுக்கும் புத்தகத்திற்கும் நடுவே பாலமாய் நிற்கிறதா, அல்லது இருவருக்கும் நடுவே புரோகிதனாய் நிற்கிறதா என்று இவற்றைக் கொண்டு கேட்டுவிடலாம். வாசகனுடைய நேரத்தை மிச்சப்படுத்துவது என்பது ஒன்றே போதும். நூலகம் அவன் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறது. அந்தக் கம்பெனிகளோ, அவன் இன்னும் பத்து நிமிஷம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் பத்து நிமிஷ விளம்பரம் அதிகம் காட்டலாம் என்று பார்க்கின்றன. இருவருடைய உத்தேசமும் நேர்விரோதமானவை.

நிற்க, பொதுவாய்ப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். டுவிட்டரையே எடுத்துக்கொள்ளுவோம். மேல்நாட்டு நூலகங்கள் அதிகமாய் நம்பிப் போன தளங்களில் அது ஒன்று.

டுவிட்டர் 2006-ல் ஆரம்பமாயிற்று. 2010 ஏப்ரல் 14-ல் அமெரிக்க சர்க்காரின் பெரிய நூலகமாகிய காங்கிரஸ் நூலகம், டுவிட்டர் ஆரம்பித்த நாள் முதல் பகிரங்கமாய் எழுதப்பட்ட பதிவுகள் அத்தனையும் தனக்கு அன்பளிப்பாகக் கிடைக்கப் போவதாகவும், இனி எழுதப்படுபவையும் வந்து சேரும் என்றும் அறிவித்தது. எவ்வளவு பெரிய சந்தோஷம்! 2013 ஜனவரியில் அந்நூலகமே வெளியிட்ட கணக்கின்படி 17,000 கோடி பதிவுகள் வந்து குவிந்துவிட்டன. 2006 முதல் 2010 வரையிலுமுள்ள பாகத்தில் மாத்திரம் ஒரு வார்த்தையைத் தேடினால் பதில் வருவதற்கு 24 மணி நேரம் ஆகலாம் என்று அவர்களே எழுதினார்கள். பிறகு என்ன நடந்தது? 2017 டிசம்பரில், 'இனி எல்லாவற்றையும் வாங்கி வைப்பதற்கில்லை, 2018 ஜனவரி 1 முதல் பொறுக்கியெடுத்தே வைப்போம்' என்று சொல்லிவிட்டார்கள். சேர்த்து வைத்தது வாசகர்களுக்குத் திறக்கப்படாமலே கிடந்தது. உலகத்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று, பணமும் ஆட்களும் சர்க்காருடைய பலமும் இருந்தும், ஒரு கம்பெனியின் சரக்கைக் கட்டியிழுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. இதற்காக அந்நூலகத்தை நாம் பரிகசிக்கவில்லை. 'எழுதியதெல்லாம் அங்கே பத்திரமாய் இருக்கும்' என்று நம் நூல்நிலையத்தின் பத்து வருஷ அறிவிப்புகளை அத்தளத்திலேயே விட்டுவைக்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைக்கவேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம்.

அடுத்தபடியாக, 2022 அக்டோபர் 27-ல் எலான் மஸ்க் என்கின்ற முதலாளி அக்கம்பெனியை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். முன்பு, இன்னார் இன்னார்தான் என்று விசாரித்துக் கொடுத்த நீலக்குறியை மாதம் 8 டாலர் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்படி செய்தார். அந்த நவம்பரிலேயே எலி லில்லி என்கின்ற மருந்துக் கம்பெனியின் பேரில் எவனோ ஒருவன் 8 டாலர் கட்டி, 'இன்சுலின் இனி இலவசம்' என்று எழுதிவிட்டான். அக்கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுக்கவேண்டியதாயிற்று. மருந்து முதலாளிக்கு வந்த சங்கடத்தைப் பற்றி நமக்கு அவ்வளவாய்க் கவலையில்லை. ஆனால் நாளைக்கு ஒருவன் நம் ஊர் நூல்நிலையத்தின் பேரில் ஒரு கணக்கைத் திறந்து, 'உறுப்பினர் கட்டணத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று எழுதினால், எது நிஜம் எது போலி என்று வயோதிக வாசகர் எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்?

2023 பிப்ரவரியில், மற்ற யந்திரங்கள் டுவிட்டரோடு இலவசமாய்ப் பேசிக்கொண்டிருந்த வழியை அடைக்கப் போவதாகச் சொன்னார்கள். நியூயார்க் நகரத்து ரயில், பஸ் நிர்வாகம் 'இந்த வண்டி தாமதம், அந்த வண்டி நின்றுவிட்டது' என்ற அறிவிப்புகளை அவ்வழியாகவே போட்டு வந்தது. ஏப்ரல் மாதக் கடைசியில், இனி இங்கே போடமாட்டோம் என்று அது விலகிற்று. மாதம் 50,000 டாலர் வரை கேட்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. கூச்சல் கிளம்பவே, பொது ஸ்தாபனங்களுக்கு இலவசமாய் விடுகிறோம் என்று கம்பெனி இறங்கி வந்தது; மே மாதத்தில் அந்நிர்வாகம் திரும்பிற்று. நியூயார்க் கூச்சல் போட்டால் முதலாளி காதில் விழுகிறது. உசிலம்பட்டிக் கிளை நூலகம் கூச்சல் போட்டால் விழுமா?

2023 ஜூன் 30-ல் நடந்ததுதான் நூல்நிலையத்தார் எல்லோரும் கவனிக்கவேண்டியது. அன்று முதல், கணக்கில்லாதவர்கள் அத்தளத்தில் எதையும் பார்க்க முடியாதென்று ஆயிற்று. மறுநாள், காசு கட்டாதவர்கள் ஒரு நாளைக்கு 600 பதிவுகளுக்குமேல் படிக்கக் கூடாதென்று உத்தரவு. பிறகு அந்த எண்ணை உயர்த்தினார்கள். தனிப் பதிவுகளையும் வெளியார் பார்க்கும்படி விட்டார்கள். ஆனால் ஒரு ஸ்தாபனத்தின் பதிவுகளை வரிசையாய்ப் புதியது முதல் பார்க்கவேண்டுமானால் உள்ளே கணக்கு வேண்டும் என்பது நின்றுவிட்டது. தோழர்களே! ஒரு நாளைக்கு இத்தனை பக்கத்துக்குமேல் படிக்காதே என்று வாசலில் எழுதி வைத்த நூல்நிலையம் எங்கேயாவது உண்டா? அதே ஜூலை மாதத்தில் பேரும் மாற்றப்பட்டு 'எக்ஸ்' என்றாயிற்று. பல நூலகங்கள் சுவரிலும் அடையாள அட்டையிலும் அச்சடித்து வைத்திருந்த குருவிப்படம் அன்றோடு அர்த்தமற்றதாயிற்று.

நாம் கேட்பது மஸ்க் நல்லவரா கெட்டவரா என்பதல்ல. கடை அவருடையது, அவர் இஷ்டப்படி செய்கிறார். ஜனங்களுடைய வரிப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் ஜனங்களுக்குச் சொல்லவேண்டிய செய்தியை, ஒரு தனி மனிதன் ராத்திரியில் நினைத்தால் காலையில் பூட்டக்கூடிய பெட்டிக்குள் மாத்திரம் வைக்கலாமா என்பதே கேள்வி. 'இன்று நூலகம் விடுமுறை' என்ற ஒரு வரியைப் படிக்க ஒரு கிழவி ஒரு கம்பெனிக்குத் தன் தொலைபேசி எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தாக வேண்டுமானால், அந்த வரியை நூலகம் அவளுக்குச் சொன்னதாக அர்த்தமில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2023 அக்டோபர் 28-ல் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்து எல்லாவற்றையும் முடக்கிப் பணம் கேட்டார்கள். வலைத்தளம் போயிற்று, புத்தகப் பட்டியல் போயிற்று. பட்டியல் திரும்பி வந்ததே 2024 ஜனவரி 15-ல்தான். அதுவும் பார்க்க மாத்திரம். அந்த நாட்களில் அந்நூலகம் தன் வாசகர்களுக்கு, கட்டிடம் திறந்திருக்கிறதா, எது நடக்கிறது என்று சொல்லுவதற்கு உதவியது இதே எக்ஸ் தளந்தான். சொந்த வீடு தீப்பிடித்தபொழுது எதிர்க்கடைத் திண்ணை உதவிற்று. ஆகையால், திண்ணையே வேண்டாம் என்று சொல்லுகிறவர்களும் யோசிக்கவேண்டும். நியூயார்க் பொது நூலகம் 2018 ஆகஸ்டு முதல் இன்ஸ்டாகிராமில் ஆலிஸின் அற்புத உலகக் கதை முதலிய சில புத்தகங்களை முழுப் புத்தகமாகவே படங்களோடு போட்டுப் படிக்க வைத்தது. 'எங்கள் நூலகம் எவ்வளவு அழகு பாருங்கள்' என்று தூணையும் தோட்டத்தையும் படம் பிடித்துப் போடுகிற வேலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இனி, எண்ணிக்கை மயக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தளங்களில் ஒரு ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களுக்குப் 'பின்தொடர்வோர்' என்று பேர். அந்தப் பேரே நமக்குப் பிடிக்கவில்லை. பின்தொடர்வதற்கு நூலகம் என்ன மடமா? நூலகத்திற்கு வேண்டியது வாசகர்கள். பின்தொடர்வோர் பதினாயிரம் என்று அறிக்கையில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்புகிறார்கள். உண்டியல் எண்ணுவதுபோல் 'லைக்' எண்ணுகிறார்கள். அந்தப் பதினாயிரத்தில் எத்தனை பேர் புத்தகம் எடுத்தார்கள் என்று கேட்டால் பதிலில்லை. பதினாயிரம் பேருக்கும் நம் செய்தி போய்ச் சேருகிறதா என்றால் அதுவுமில்லை. பேஸ்புக் கம்பெனி 2018 ஜனவரியில், ஸ்தாபனங்களின் செய்தியைக் குறைத்து, நண்பர் உறவினர் செய்தியை அதிகம் காட்டப் போவதாகப் பகிரங்கமாகவே சொல்லிற்று. அதிகம் பேருக்குக் காட்டவேண்டுமானால் காசு கட்டலாம். முதலில் இலவசமாய்க் கூட்டம் சேர்த்துக் கொடுத்து, பிறகு அந்தக் கூட்டத்தோடு பேசுவதற்கே கட்டணம் வைக்கிற இந்த வித்தை நம் கோயில்களில் தர்ம தரிசனம், சிறப்புத் தரிசனம் என்று பிரித்ததைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிதல்ல.

எண்ணிக்கையை நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்கப் பொது ரேடியோ நிறுவனமாகிய என்.பி.ஆர். 2023 ஏப்ரலில், தன் பேருக்குப் பக்கத்தில் 'சர்க்காரைச் சார்ந்தது' என்று முத்திரை குத்தினதை ஆட்சேபித்து டுவிட்டரைவிட்டு வெளியேறிற்று. லக்ஷக்கணக்கான பின்தொடர்வோரை இழந்துவிட்டார்களே என்று பலர் பயந்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்ததில், அதனால் அவர்களுடைய வலைப்பக்கத்துக்குக் குறைந்த வருகை நூற்றுக்கு 1 என்கின்ற அளவே. இவ்வளவு அற்பமான வருகைக்காக அத்தனை வருஷமாய் எத்தனை ஆள் எத்தனை மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தார்களோ!

வாசகனுடைய ரகசியம் என்பது இதைவிட முக்கியமானது. 2005-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில், 27 நூலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்த ஒரு கூட்டமைப்பினிடம், ஒரு குறிப்பிட்ட நாளில் கம்ப்யூட்டரை உபயோகித்தது யார் என்று மத்திய போலீசார் கேட்டார்கள். கேட்டதை வெளியே சொல்லவும் கூடாதென்று உத்தரவு. நான்கு நூலகர்கள் அதற்கு இணங்காமல் கோர்ட்டுக்குப் போனார்கள். மறு வருஷம் வாய்ப்பூட்டு நீங்கிற்று, போலீசாரும் கேட்டதைக் கைவிட்டார்கள். வாசகன் படித்தது அவனுக்கும் புத்தகத்திற்கும் உள்ள விஷயம் என்பதற்காக, வேலையையும் விடுதலையையும் பணயம் வைத்து நின்ற அந்த நால்வரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அப்படிப்பட்ட தொழிலைச் சேர்ந்தவர்களே தங்கள் நூலகத்தின் வலைப்பக்கத்தில் பேஸ்புக் 'லைக்' பொத்தானைப் பதித்து வைத்திருந்தார்கள். அந்தப் பொத்தானை அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. அது இருந்த பக்கத்தைத் திறந்தாலே, திறந்தவனுடைய விவரம் அக்கம்பெனிக்குப் போயிற்று. க்ஷயரோகத்தைப் பற்றியோ, விவாகரத்தைப் பற்றியோ நூலகப் பட்டியலில் தேடினவளுக்கு இது தெரிந்திருக்குமா? 2019 ஜூலை 29-ல் ஐரோப்பிய நீதிமன்றம், அப்படிப் பொத்தானைப் பதித்து வைத்தவனும் விவரத்தைச் சேகரித்து அனுப்புவதற்குக் கூட்டுப் பொறுப்பாளியே என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 'கம்பெனிதானே எடுத்தது, நமக்கென்ன' என்று இனி நூலகர் கைகழுவ முடியாது.

பின்தொடர்வோர் பட்டியலை யாரும் பார்க்கும்படி விடுகிற தளங்களும் இருக்கின்றன. இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். புரூக்ளின் பொது நூலகம் 2022 ஏப்ரலில், வேறு ஊர்களில் தடுக்கப்படும் புத்தகங்களை இளைஞர்கள் படிக்கட்டும் என்று, 13 முதல் 21 வயது வரையில் உள்ளவர்களுக்கு நாடு முழுவதும் இலவச மின்னட்டை கொடுத்தது. ஓக்லஹோமா மாகாணத்தில் ஒரு பள்ளி ஆசிரியை அந்த அட்டைக்கு வழிகாட்டும் சதுரக் குறியைத் தன் வகுப்பில் ஒட்டி வைத்தார். ஒட்டிய குற்றத்திற்காக, 2024-ல் அவருடைய ஆசிரியர் உரிமமே பறிக்கப்பட்டது. ஒட்டினவருக்கே இந்தக் கதி என்றால், அப்படிப்பட்ட ஊரில் அந்த நூலகத்தின் பக்கத்தில் சேர்ந்த பிள்ளைகளின் பேர்ப்பட்டியல் சுவரில் தொங்கினால் என்ன ஆகும்? நம் நாட்டில் கலப்புமணத்தைப் பற்றிய புத்தகம் படிக்கிற பெண்ணின் பேர் அவள் அண்ணன் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா?

தமிழுக்கு என்று ஒரு பரீட்சை தனியாய் உண்டு. டுவிட்டரில் முதலில் 140 எழுத்து, 2017 நவம்பருக்குப் பிறகு காசு கட்டாதவர்களுக்கு 280 எழுத்து என்று அளவு. நம் கண்ணுக்கு 'நூலகம்' என்பது 4 எழுத்து. யந்திரம் அதை 6 என்று எண்ணுகிறது. நூ என்பதற்கு ந ஒன்று, அதன் ஊகாரக் குறி ஒன்று. ம் என்பதற்கு ம ஒன்று, புள்ளி ஒன்று. கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே வரி கட்டவேண்டும். ஆகவே ஒரு தளம் நல்லதென்று இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளாமல், நம் கூட்ட அறிவிப்பு ஒன்றைத் தமிழில் போட்டுப் பார்க்கவேண்டும். தமிழில் தேடினால் கிடைக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கண் தெரியாத வாசகர் ஒருவரை அழைத்து, அவருடைய தொலைபேசி அதைப் படித்துச் சொல்லுகிறதா என்றும் கேட்கவேண்டும். பூவும் கொடியும் போட்டு, நேரமும் இடமும் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதிப் போடுகிறார்களே, அவருக்கு அது வெறும் 'படம்' என்றுதான் கேட்கும். படத்துக்கு விளக்கம் எழுதும் வசதி 2016 முதல் டுவிட்டரில் இருக்கிறது. எழுதுகிறவர்கள்தான் இல்லை.

பிள்ளைகள் பகுதிக்கு இத்தளங்கள் எவ்வளவு பிரயோசனப்படும் என்பதும் சந்தேகம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் முதலியவற்றில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாதென்று சட்டம் அமலாகியிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதைப் பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

முதலாளி இல்லாத தளம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மாஸ்டடான் என்பது 2016-ல் யூஜென் ரோச்கோ என்கின்ற ஜெர்மனி இளைஞர் ஆரம்பித்தது. அது தபாலாபீஸ் மாதிரி. எந்த ஊர்த் தபாலாபீசில் போட்டாலும் எந்த ஊருக்கும் கடிதம் போவதுபோல, எவரும் தங்கள் யந்திரத்தில் ஒரு நிலையம் வைத்துக்கொண்டு மற்ற நிலையத்தாரோடு பேசலாம். விளம்பரமில்லை. எழுதியது எழுதிய வரிசையில் வரும். வெளியாரும் கணக்கில்லாமல் படிக்கலாம். நூலகத்தார், பொருட்காட்சிச்சாலையார்களுக்கென்றே அதில் நிலையங்கள் இருக்கின்றன. இவ்வளவும் நமக்குப் பிடித்தமானதே. ஆனால் பிடித்தது என்பதற்காகப் பரீட்சையை விட்டுவிடலாமா? ஐரோப்பிய யூனியன் ஸ்தாபனங்களுக்காக 2022 ஏப்ரலில் ஆரம்பித்த அத்தகைய நிலையம் ஒன்று, தொடர்ந்து நடத்த ஆளில்லாமல் 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. கொள்கை எவ்வளவு உயர்ந்ததானாலும் விளக்குக்கு எண்ணெய் விட ஒரு ஆள் வேண்டும். நம் ஊர் வாசகர்களில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும். 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கை என்பதில், ஒரு ஸ்தாபனம் தன் சொந்த வலைத்தள முகவரியையே தன் பேராக வைத்துக்கொள்ள முடிகிறது. போலியைக் கண்டுபிடிக்க இது நல்ல ஏற்பாடு.

தளங்கள் சாகும் என்பதையும் மறக்கவேண்டாம். 2011-ல் கூகிள் கம்பெனி 'பிளஸ்' என்று ஒன்று ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியின் பேரைக் கேட்டே ஓடினார்கள். 2019 ஏப்ரல் 2-ல் பொதுஜனங்களுக்கு அதை மூடிவிட்டார்கள்.

இங்கே வட்டத்தார் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருப்பதாகத் தெரிகிறது. அது சவுகரியமானதுதான். ஆனால் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவர் எண்ணும் மற்றெல்லோருக்கும் தெரியும். புத்தகச் செய்திக்காகச் சேர்ந்த ஒரு பெண்ணின் எண்ணை நூற்றுக்கணக்கான அந்நியர்களுக்குக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? பெண்கள் ஏன் வட்டத்தில் சேருவதில்லை என்று வருத்தப்படுகிற தோழர்கள் இதை யோசித்தார்களா? 2023 செப்டம்பரில் அதே வாட்ஸ்அப்பில் 'சேனல்' என்று ஒன்று நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. அதில் சேருகிறவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புக்கு அதுவே போதுமானது. விவாதம் வேண்டுமானால், வட்டத்திற்கு நாற்காலி இருக்கிறது, வந்து உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாய், இவ்வேலையைச் செய்யப் போவது யார்? நூலகர் ஒருவரே கதவு திறந்து, பத்திரிகை பிரித்து, புத்தகம் கொடுத்து, வாங்கி, கணக்கெழுதி, அதற்குமேல் ராத்திரியில் வீட்டுக்குப் போய்த் தன் சொந்தத் தொலைபேசியில், சொந்தக் காசில் இதையும் எழுதவேண்டுமென்றால் அது அக்கிரமம். கேட்ட கேள்விக்கு ஒரு நாளைக்குள் பதில் சொல்ல ஆள் இல்லாத கணக்கு, கதவில் மணி கட்டிவிட்டு உள்ளே ஆளில்லாத வீடு. எத்தனை மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு எந்த வேலையைக் குறைப்பது என்று நிர்வாகத்தார் எழுத்தில் கொடுக்கட்டும்.

ஆகவே, காரியதரிசி அவர்களுக்கு நாம் சொல்லும் ஏற்பாடு இதுவே. எந்த அறிவிப்பையும் முதலில் நூல்நிலையத்துப் பலகையிலும் சொந்த வலைப்பக்கத்திலும் போடுங்கள். பிறகு அதன் நகலை மாத்திரம் ஒரே ஒரு தளத்தில், மூன்று மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். 'லைக்' பொத்தானைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். போட்டதையெல்லாம் மாதா மாதம் இறக்கி ஒரு நகல் நம்மிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் மேஜையில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். கூட்டத்துக்கும் புதுப் புத்தகத்துக்கும் வருகிறவர்கள், எதனால் தெரிந்து வந்தோம் என்று பேர் போடாமல் அதில் ஒரு வார்த்தை எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை இந்த மேஜையில் கொண்டுவந்து வைத்தால், வைத்துக்கொள்ளுவதா எடுத்துவிடுவதா என்பதை நீங்களே கூடி முடிவு செய்துகொள்ளலாம்.